தார்ப்பாய் கட்டிய தூண்

என் வீட்டுக்காரர் தூணுக்குத் தார்ப்பாய் கட்டிய கதை எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எதற்காகக் கட்டினார் என்பது முதலில் எனக்குத்தான் தெரிந்தது. தெரிந்த அன்று அடுப்படியைவிட்டு வெளியே வர எனக்குக் கால் வரவில்லை. தப்பு செய்தவர் ஜம்மென்று வாசலில் உட்கார்ந்திருந்தார். வெட்கப்படுகிற வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. எங்கள் வீட்டில் எல்லா வேலையும் அப்படித்தான்.

அவர் பெயர் கொட்ரப்பா. பல்லாரிப் பக்கத்து இரும்பாலையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரும்பு வார்க்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இரும்பு உருகும்போது மேலே ஆடை மாதிரி ஒன்று மிதக்குமே, அந்தக் கசடைப் பிரித்து வாய்க்காலில் விட்டு, தண்ணீரைப் பீய்ச்சி அடித்து மணலாக்கிக் குழியில் தள்ளுகிற வேலை. தண்ணீர் பட்டதும் கசடிலிருந்து கிளம்புகிற ஆவி அழுகிய முட்டை நாற்றம் நாறும். அந்த நாற்றம் சட்டையில் ஏறிவிட்டால் எந்த சோப்புக்கும் அசையாது.

எங்கள் கல்யாணத்திலேயே என் சித்தப்பா ஒருத்தர் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, "இரும்புக் கம்பெனி மாப்பிள்ளைன்னு சொன்னீங்க, கசடு வாருற ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்று சிரித்தார். சித்தப்பா செத்துப்போய் அவர் பேரனுக்கு மீசை முளைத்துவிட்டது. இவர் இன்னும் அதை மறக்கவில்லை. வேலை முடிந்து வந்தால் கொல்லைப்புறக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் கால் வைப்பார். மகள் சுமங்களா சின்னவளாக இருந்தபோது, "அப்பா" என்று ஓடி வந்தால், "தொடாதே, தொடாதே, இரு" என்று கத்துவார். சட்டையைக் கருவேல வேலியில் எறிந்துவிடுவார். அதை எடுத்துத் துவைத்தவள் நான்.

ஓய்வுபெற்ற பணத்தில் தேரடித் தெருவில் எங்கள் பழைய வீட்டை ஒட்டி முன்னால் புது வீடு கட்ட ஆரம்பித்தார். சுமங்களாவை என் அண்ணன் ஹொன்னூரப்பாவின் மகன் விருபண்ணாவுக்குத்தான் கொடுப்பது என்று தீபாவளிக்கே சர்க்கரை கொடுத்து, வெற்றிலை மாற்றியாகிவிட்டது. புது வீட்டில் கல்யாணம். அண்ணன் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, விருபண்ணா தங்கமான பையன். ஆனால் அவன் வேலை பார்க்கிற இடம்தான் இவருக்கு ஆகவில்லை. ஆலைக்கு அடுத்தாற்போல ஒரு அரவை மில். இவர் குழியில் தள்ளிய அதே கசட்டு மணலை வாங்கி, மாவாக அரைத்து, கொஞ்சம் சிமெண்டு கலந்து மூட்டையாக்கி விற்கிறார்கள். குழியில் இறங்கி மாதிரி எடுத்துச் சோதிப்பது விருபண்ணாவின் வேலை.

"மாமா, வீட்டுக்கு எங்க சிமெண்டையே போடுங்க" என்றான் ஒருநாள்.

"வாழ்நாள் பூரா வாரிக் கொட்டினேன். இனி அதுக்குள்ளயே குடியிருக்கணுமாடா?"

"கொட்டினதுதான் மாமா தப்பு. சாதாரண சிமெண்டுக்கு மலையை உடைச்சு, சுண்ணாம்புக்கல்லைச் சூளையில எரிக்கணும். எம்புட்டு புகை! இதுல பாதிக்கு மேல உங்க கசடு. அது உங்க உலையிலயே வெந்து வந்துருச்சு. இன்னொரு தடவை எரிக்க வேண்டாம். அந்தப் புகை மிச்சம்."

"புகை மிச்சமாகும். வீடு மிஞ்சுமா?"

"உங்க பொண்ணுதானே மாமா அந்த வீட்டுக்கு வரப்போக இருக்கப்போறா? என் பொண்டாட்டி தலையில நானே இடியுற கூரையைப் போடுவேனா?"

நானும் விடவில்லை. என் பிறந்த வீட்டுப் பிள்ளை கேட்கிறான், இந்த மனுஷன் முகத்தைத் திருப்பினால் நான் எந்த முகத்தோடு அண்ணன் வீட்டுக்குப் போவது? மூன்று வேளையும் சோள ரொட்டியோடு இதையும் சேர்த்துப் பரிமாறினேன். ஒப்புக்கொண்டார். விருபண்ணா ஒன்றே ஒன்று சொன்னான்.

"மாமா, இது மெதுவாத்தான் இறுகும். மத்த சிமெண்டு மாதிரி மறுநாளே சுத்தி அடிச்ச பலகையைப் பிரிச்சிராதீங்க. ஒரு வாரம் கை வைக்காம, தண்ணி மட்டும் காட்டுங்க. அப்புறம் பாருங்க, சம்மட்டி தெறிக்கும்."

எங்கள் ஊர்த் தேர் எங்கள் தெரு வழியாகத்தான் வரும். தேர் அன்று சொந்தபந்தம் எல்லாம் ஹோளிகெ என்கிற போளி சாப்பிட எங்கள் வீட்டுக்கு வரும். வாசல் தூண்களுக்கு இவர் தனியாக அச்சு செய்யச் சொல்லி, மேலே தாமரை மொட்டு வைத்து வார்க்கச் சொல்லியிருந்தார். தேருக்கு இரண்டு நாள் முன்னால்தான் தூண் வார்த்தார்கள். சும்மா இருக்க முடியுமா இவரால்? கசடு வாருகிறவன் என்று சிரித்தவர்களின் பிள்ளைகுட்டிகள் எல்லாம் தெருவில் நிற்கும்போது பலகைக்குள் தூண் ஒளிந்துகொண்டிருந்தால் எப்படி?

தேர் அன்று காலையில் மேஸ்திரி திப்பேசாமியைக் கூப்பிட்டார். "முன் தூணைப் பிரிடா."

"தம்பி ஒரு வாரம்னு சொன்னாரே."

"கூலி தம்பி கொடுக்கிறானா, நான் கொடுக்கிறேனா?"

பிரித்தார்கள். நான் ஹோளிகெயைத் தோசைக்கல்லில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். கழுவாத செம்புப் பாத்திரத்தில் களிம்பு ஏறியிருக்குமே, அந்த மாதிரி தூண் முழுக்க நீலப் பச்சை. மொட்டும் பச்சை. வந்திருந்தவர்களில் ஒருத்தர், "என்ன கொட்ரப்பா, தூணுக்குப் பாசி பிடிச்சிருக்கு?" என்றார். இன்னொருத்தர், "இல்லப்பா, நாத்து நட்டிருக்காரு, தண்ணி விட்டா வளரும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பழைய பந்திச் சிரிப்புதான். இவர் முகம் கறுத்ததை நான் பார்த்தேன்.

மேஸ்திரி கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி ஒரு போடு போட்டார். இரண்டு நாள் தூண், என்ன செய்யும்? மூலை பெயர்ந்து கையளவு துண்டு விழுந்தது. உள்ளே இன்னும் கடும் பச்சை. கூடவே ஒரு நாற்றம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

எனக்கு அந்த நாற்றம் உடனே தெரிந்துவிட்டது. எத்தனை வருஷம் துவைத்திருக்கிறேன்!

"ஏங்க, இது உங்க சட்டை வாசமில்ல?" என்றேன்.

"வாயை மூடுடி" என்றார். அத்தனை பேர் முன்னால்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் அண்ணனும் விருபண்ணாவும் தெருமுனையில் திரும்பினார்கள். அண்ணன் கையில் பூவும் பழமும், பையன் கையில் மண்டக்கிப் பொரிப் பொட்டலமும் மிளகாய் பஜ்ஜியும். சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"வாங்க சம்பந்தி, வாங்க! வந்து உங்க பிள்ளை பண்ணின லட்சணத்தைப் பாருங்க!" என்று இவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவினார். "அழுகின கழிவைத் தூளாக்கி என் வீட்டுல கொட்டியிருக்கான். மூட்டையில என்னத்தைக் கலந்தே? சொல்லுடா."

விருபண்ணா பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுத் தூணைப் பார்த்தான். "பலகையைப் பிரிச்சிட்டீங்களா மாமா?" என்றுதான் முதலில் கேட்டான். அப்புறம், "இது கசடோட இயல்பு மாமா. காத்துப் படாத வரைக்கும் பச்சையா இருக்கும். காத்துப் பட்டா சில நாள்ல தானா வெளுத்துரும். பலத்துக்கு ஒரு குறையும் இல்லை" என்றான்.

"காத்துல போற சாயமா? உன் பொய்க்குக்கூட நல்ல சாயமா வாங்கத் துப்பில்லையா? சொந்தத்துலயே ஏமாத்தித் திருடுறவனுக்கா நான் பொண்ணு கொடுக்கணும்?"

தேர் வருகிற கொம்புச் சத்தம் கேட்டது. தெரு முழுக்க ஆள். அண்ணன் பூவையும் பழத்தையும் என் கையில் கொடுத்தார். "சாமி தெருவுல வர்ற நேரத்துல என் பிள்ளையைத் திருடன்னு சொல்லிட்டீங்க மாப்பிள்ளை. விருபண்ணா, நட" என்றார்.

நான் தட்டில் ஹோளிகெயோடு பின்னாலேயே ஓடினேன். "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கண்ணா. தேர் அன்னைக்கு வெறும் வயித்தோட..."

"வேண்டாம் சரணம்மா. எங்க கையில பச்சை ஒட்டியிருக்கும்" என்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

பிறந்த வீட்டு ஆள் தேர் நாளில் பட்டினியாகத் திரும்பிப்போவதை நடுத்தெருவில் நின்று பார்த்தவளுக்குத்தான் அது என்னவென்று தெரியும். நெய் சொட்டுகிற தட்டோடு நின்றேன். தேர் என்னைத் தாண்டிப் போனது. கும்பிடக் கை இல்லை.

அன்று சாயங்காலமே இவர் ஒரு நீலத் தார்ப்பாயைக் கொண்டுவந்து தூணைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். போகிறவர் வருகிறவர் பார்க்கக் கூடாதாம். திப்பேசாமி, "உடைச்சிட்டு வேற வார்த்திரலாமா?" என்று கேட்டதற்கு, "இருக்கட்டும். அதுதான் சாட்சி" என்றார்.

சாட்சி என்ன செய்யும், வேலையைச் செய்தது. விருபண்ணாவுக்குப் பச்சைச் சிமெண்டுக்காரன் என்று பெயர் விழுந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவருக்கு அவன் மில்லிலிருந்து மூட்டை வருவதாக இருந்தது. பஞ்சாயத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். மில்லில் அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். அண்ணி என் போனை எடுக்கவில்லை. சுமங்களா அழவில்லை, சண்டையும் போடவில்லை. அப்பாவிடம் பேசுவதை மட்டும் நிறுத்தினாள். ரொட்டியைத் தட்டில் வைப்பாள், தண்ணீர் வைப்பாள், போய்விடுவாள்.

தூணிலிருந்து விழுந்த துண்டை நான் எடுத்து அடுப்படி ஜன்னலில் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்டால், கோபம்தான். சமைக்கிற நேரமெல்லாம் அதை முறைத்துக்கொண்டிருப்பேன். நாலைந்து நாள் போனதும் பார்த்தால், பச்சை நடுவில் ஒரு பொட்டாக ஒதுங்கியிருந்தது. அப்புறம் அதுவும் இல்லை. வெள்ளைச் சாம்பல் நிறத்தில், அழகான கல். மற்ற சிமெண்டைவிட வெளுப்பு. முகர்ந்து பார்த்தேன். நாற்றமும் போயிருந்தது. அம்மிக் குழவியால் தட்டினேன், குழவிதான் வழுக்கியது.

எனக்கு ஒரே சந்தோஷம். துண்டை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். "ஏங்க, பாருங்க! பையன் சொன்னது நிஜம்!"

வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "வெயில்ல காஞ்சா எதுதான் வெளுக்காது?" என்று சொல்லி, அதைச் சாக்கடை ஓரம் வீசினார்.

மறுநாள் விடிந்ததும் கோலம் போட வெளியே வந்தேன். இவர் தூணருகே குந்தி உட்கார்ந்து, தார்ப்பாயின் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே பச்சை அப்படியே இருந்தது. காற்று படாதே. பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அவசர அவசரமாக ஓரத்தை மடித்துவிட்டு, மேலே இன்னொரு கயிற்றைச் சுற்றி, இடைவெளியில் சாக்கைத் திணித்து இறுக்கினார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊர்க்கண் படக்கூடாது என்று அல்ல, காற்றுப் படக்கூடாது என்றுதான் அந்தக் கட்டு. பச்சை போய்விட்டால் இவர் சொன்னது பொய்யாகிவிடும். மகள் வாழ்க்கை போனாலும் பரவாயில்லை, அந்தப் பச்சை போகக் கூடாது. இப்படி ஒரு மனுஷனோடு இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேனே என்று உடம்பு கூசியது. கோலப்பொடியைக் கீழே வைத்தேன்.

"அதை எதுக்குக் கட்டி வச்சிருக்கீங்க?"

திடுக்கிட்டார். "சும்மா... தூசி..."

"போயிரும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கட்டி வச்சிருக்கீங்க."

அவர் சாக்கை இன்னும் உள்ளே திணித்தார்.

"அந்த நாத்தமும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்றதுக்கு முன்னாடியே தெரியும். இத்தனை வருஷம் அதுல நின்ன மூக்குக்குத் தெரியாதா?"

கயிற்று முடிச்சை விட்டார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "தெரியும்டி. சுத்தியல் பட்டதுமே தெரிஞ்சுது. அத்தனை பேரு மூக்கைப் பொத்தினாங்க பாரு... என்னைப் பார்த்துப் பொத்தின மாதிரி இருந்துச்சு. எங்கயாவது தள்ளிவிடணும் போல இருந்துச்சு. பையன் எதிர்ல வந்தான்."

அதைக் கேட்டதும் என் கோபத்தில் பாதி எங்கே போனதென்று தெரியவில்லை. மீதிப் பாதியை நான் விடவில்லை, வைத்துக்கொண்டேன்.

"இருட்டினதும் மச்சான் வீட்டுக்குப் போய்ட்டு வருவோம். கதவைச் சாத்திட்டு அவர் கால்ல விழுந்துடறேன்" என்றார்.

கதவுக்குப் பின்னால் சுமங்களா நின்றிருக்கிறாள். தேர் அன்றைக்கு அப்புறம் அன்றுதான் அப்பாவிடம் பேசினாள்.

"அவரைத் தெருவுலதானே திருடன்னு சொன்னீங்க? வெளிச்சத்துலதானே சொன்னீங்க? கதவைச் சாத்திட்டு அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்கப் பார்க்கிறீங்களே அப்பா."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள். இவர் வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தார். பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். தெருவில் ஆள் நடமாட்டம் வரட்டும் என்றுதான் காத்திருந்தாரோ என்னவோ, எழுந்து கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். தார்ப்பாய் விழுந்தது. தூண் பச்சைப்பசேல் என்று, உடைந்த மூலையோடு நின்றது. நாற்றம் மறுபடி லேசாகக் கிளம்பியது. உள்ளேயிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தூண் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன கொட்ரப்பா, தூணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா? போர்வையை எடுத்துட்ட?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

"தூணுக்கு ஒண்ணுமில்லை. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்றார் இவர். "என் மச்சான் மகன் நல்ல சிமெண்டுதான் கொடுத்தான். நான்தான் அவசரப்பட்டுப் பிரிச்சேன், நான்தான் உடைச்சேன். இந்தப் பச்சை காத்துப் பட்டா போயிரும். போகுதா இல்லையான்னு தினமும் வந்து பாருங்க."

வந்தார்கள். வராமல் இருப்பார்களா? காலையில் வருகிறவர் சாயங்காலமும் வந்தார். "போயிருச்சா?" "இன்னும் இல்லை." "பொய் சொன்னது நீயா அவனா?" "நான்தான்." சந்தைக்குப் போகிறவள்கூடக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டாள். ஒவ்வொருத்தருக்கும் அதே பதிலைச் சொன்னார். "அந்த நாத்தம் என்ன?" என்று யாராவது கேட்டால், "அது கசட்டு வாசம். என் சட்டை வாசம். என் பொண்டாட்டி அன்னைக்கே சொன்னா, நான்தான் அவளை அதட்டினேன்" என்றார். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கேட்கவேண்டும் என்று ஆசைப்பட்டதுதான். கேட்டபோது போதும் நிறுத்துங்கள் என்று கத்தத் தோன்றியது.

சுமங்களா வெயில் ஏறியதும் ஒரு செம்பு மோரைக் கொண்டுபோய் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தாள்.

பச்சை முதலில் மொட்டின் நுனியில் விட்டது. அப்புறம் தெருப்பக்கம். பிறகு சுவர்ப்பக்கம். உடைந்த மூலைக்குள் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக நின்று, அதுவும் ஒருநாள் போனது. தூண் சலவை செய்த வேட்டி மாதிரி நின்றது. திப்பேசாமி வந்து சம்மட்டியால் லேசாகத் தட்டினான். கணீரென்றது. பள்ளிக்கூடச் சுவருக்கு மூட்டை இறங்கிவிட்டது என்று யாரோ சொன்னார்கள்.

அதற்கப்புறம்தான் அண்ணன் வந்தார். இவர் எழுந்து, "மச்சான்..." என்று ஆரம்பித்தார். அண்ணன் தூணை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். இவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே அடுப்படி வாசலில் வந்து நின்று, "சரணம்மா, பசிக்குதும்மா" என்றார். நான் அழுதுகொண்டே ரொட்டி தட்டினேன். சூடாக எடுத்துப்போனால் இவர் தட்டைப் பிடுங்கிக்கொண்டு தானே பரிமாறினார். எண்ணெய்க் கத்தரிக்காயைக் கொட்டோ கொட்டென்று கொட்டினார். அண்ணன் எல்லாவற்றையும் சாப்பிட்டார்.

"பையன் வரலையா?" என்று இவர் மெதுவாகக் கேட்டார்.

"வேலை முடிஞ்சு வருவான்னு நினைக்கிறேன். வரச் சொல்லி நான் சொல்லலை. அவனா வந்தா உண்டு."

சாயங்காலம் மங்குகிற நேரத்தில் விருபண்ணா வந்தான். சைக்கிளைத் தெருவிலேயே நிறுத்தினான். குழியில் மாதிரி எடுத்துவிட்டு நேரே வந்திருக்கிறான். சட்டை முழங்கை வரை நனைந்து, சாம்பல் மணல் ஒட்டியிருந்தது. தூணைப் பார்த்தான். உடைந்த மூலையில் விரலை வைத்துத் தடவினான். உள்ளே வரவில்லை.

"அத்தை, கொல்லைப்பக்கம் குழாய் இருக்குல்ல? குளிச்சுட்டு வந்துடறேன். மேலெல்லாம் கசட்டு நாத்தம்" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் போய் அவன் ஈரச் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்தவர் விடவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை இவர் வாயில் என்றைக்கு வந்திருக்கிறது? தெருவில் அத்தனை பேரிடம் சொன்னவருக்கு, சொல்லவேண்டியவன் முன்னால் குரல் வரவில்லை.

"குளிக்க வேண்டாம்டா" என்றார் கடைசியில். "அப்படியே உள்ளே வா."

"பொண்ணு முன்னாடி எப்படி மாமா..."

"அவளுக்கு அவங்க அப்பா வாசம் தெரியாமலே போயிருச்சு. நான்தான் கிட்டவே விடலை. உன் வாசமாவது தெரியட்டும்."

உள்ளே சுமங்களாவின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உருண்டது. விருபண்ணா நனைந்த சட்டையோடு உள்ளே வந்து உட்கார்ந்தான். இவர் பக்கத்தில், தோள் இடிக்க உட்கார்ந்தார். நான் ரொட்டி வைத்தேன்.